களத்தில் காய்ந்த கம்ப்யூட்டர்

பொன்னுச்சாமி யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் இல்லை. மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு மச்சினனைப் பார்க்கப் போனவர், எந்த வார்டு என்று ஒரு நர்ஸிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. மூன்று மாடி ஏறி இறங்கினார். கடைசியில் கால் வலித்த இடத்தில் படுத்திருந்த யாரோ ஒருவருக்கு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, 'மச்சான் தேவலை' என்று வீட்டில் வந்து சொன்னார். அது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மச்சினனின் அக்காளும் இவர் பெண்சாதியுமான வெள்ளையம்மாள் இன்னும் அதை விடவில்லை.

கேட்கமாட்டாரே தவிர கையில் வேலை உண்டு. ஆயில் எஞ்சின், கரண்டு மோட்டார், மருந்தடிக்கிற தெளிப்பான் எல்லாவற்றையும் தானே பிரித்து, தானே கெடுத்து, தானே சரி பண்ணிப் பழகியவர். உத்தரகோசமங்கைக்கு மேற்கே நாலு மைலில் இருக்கிற அந்த ஊரில் மோட்டார் நின்றுபோனால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அறுபத்தாறு வயதிலும் ஸ்குரூ டிரைவரைப் பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கும். இந்தக் கதையில் நடந்த வினையும் அந்தப் பரபரப்பால் வந்ததுதான்.

மருமகள் உமாமகேஸ்வரி கமுதிப் பக்கத்துப் பெண். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நல்ல இடம் என்று கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இடம் நல்ல இடம்தான். படிப்புதான் நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வேல்ராஜ் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். மாசத்துக்கு ஒரு தடவை வருவான். அப்படி வந்த ஒரு தடவை, கம்பெனி ஆபீசில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினான். "படம் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். அது ஓடவே இல்லை.

ஏன் ஓடவில்லை என்று போனில் தேடப் போனவளுக்கு, ஒரு கல்லூரி வீட்டிலிருந்தே படிக்கும்படி நடத்துகிற ஆறு மாசப் படிப்பு கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் ஹார்டுவேர், பழுது பார்த்தல். சேர்ந்தாள். இரண்டாவது வகுப்பில், ரேம் என்கிற அந்தச் சின்னப் பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிற ஓரத்தை அழிரப்பரால் தேய்த்து மாட்டச் சொன்னார்கள். மாட்டினாள். இரண்டு மாசம் செத்துக் கிடந்த பெட்டி உயிர் பெற்று எழுந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் காரணம் தெரியாமல் பாயசம் குடித்தார்கள்.

அப்புறம் அவள் படித்தது எல்லாம் மிளகாய் வத்தலோடுதான். எங்கள் பக்கத்து முண்டு வத்தலுக்குக் காம்பு கிள்ள உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை எழுந்திருக்க முடியாது. மடியில் முறம், காதில் ஒயர், எதிரே சொம்பில் சாய்த்து வைத்த போன். காரம் ஏறிய விரலால் போனைத் தொடக்கூடாது என்று, முழங்கையால் தள்ளித் தள்ளியே பாடம் கேட்டாள். "மருமக முழங்கையாலேயே படிச்சு முடிச்சிருவா போல" என்பாள் வெள்ளையம்மாள். கேலி என்றாலும் அந்த நேரத்தில் அடுப்பு வேலையை அவளே பார்த்துக்கொள்வாள்.

படிப்பு முடிய ஒரே ஒரு செய்முறைத் தேர்வு பாக்கி. போன் கேமரா முன்னால் கம்ப்யூட்டரை முழுசாகப் பிரித்து, திரும்பப் பூட்டி, பதினைந்து நிமிஷம் நிற்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். கார்த்திகையில் ஒரு தடவை உட்கார்ந்தாள். அடைமழை. பன்னிரண்டாவது நிமிஷத்தில் டவர் போய், தேர்வும் போயிற்று. இன்னொரு வாய்ப்பு தந்திருந்தார்கள். அதுவே கடைசி. தவறினால் எல்லாம் முதலிலிருந்து.

முதலிலிருந்து படிக்க அவளுக்கு நேரம் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாரோ நன்கொடையாகத் தந்த பத்துக் கம்ப்யூட்டர்கள் மூன்று வருஷமாக ஒரு ரூமில் பூட்டிக் கிடந்தன. ஹெட்மாஸ்டர் தர்மராஜ் நல்லவர், ஆனால் காகிதத்துக்குப் பயந்தவர். "சர்டிபிகேட்டோட வாம்மா, சாவியத் தாரேன். மே மாசம் தாண்டுனா பழைய இரும்புன்னு எழுதித் தூக்கிட்டுப் போயிருவாங்க. அதுக்குமேல எங்கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டார். ஜன்னல் வழியாக அந்தப் பத்துப் பெட்டிகளையும் உமாமகேஸ்வரி பார்த்துவிட்டு வந்திருந்தாள். சித்திரை முதல் வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவள் அக்காள் பிள்ளைக்குக் காதுகுத்து என்று கமுதிக்குப் போனாள். போகும்போது கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி வைத்தாள். "மாமா, இதை யாரும் தொட வேணாம்" என்றாள். "அதை யாரு தொடப் போறா?" என்றார் பொன்னுச்சாமி.

அன்று ராத்திரி கோடைமழை கொட்டியது.

வீட்டில் இருந்தது இரண்டு தார்ப்பாய். இரண்டையும் தூக்கிக்கொண்டு பொன்னுச்சாமியும் வெள்ளையம்மாளும் களத்துக்கு ஓடினார்கள். வத்தல் நனைந்தால் வருஷமே நனைந்த மாதிரி. மூடி, ஓரத்தில் கல் வைத்து, தொப்பலாக வீட்டுக்குத் திரும்பினால், ஓடு விலகிய இடத்திலிருந்து தண்ணீர் நேராகக் கம்ப்யூட்டர் மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. பெட்டியைச் சாய்த்தார். அடியிலிருந்து அரைப் படி தண்ணீர் வந்தது.

வெள்ளையம்மாள் தலையில் கை வைத்தாள். "அந்தப் புள்ளைக்கு ஒரு போனப் போட்டுக் கேளுங்க."

"கேட்டா? அவ அங்கன விசேஷத்த விட்டுப்பிட்டு அழுதுக்கிட்டு ஓடி வருவா. மோட்டார்ல தண்ணி போனா என்ன செய்வோம்? பிரிச்சுக் காய வைப்போம். இதும் அம்புட்டுத்தான்."

உமாமகேஸ்வரி வியாழக்கிழமை மதியம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, தூரத்திலிருந்தே களம் தெரிந்தது. ஒரே சிவப்பு. அதன் நடுவில் மட்டும் ஒரு முறத்தளவு பச்சை. பச்சைக் காயை எதற்கு நடுவில் கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தவள், களத்து மேட்டில் அப்படியே நின்றுவிட்டாள். அது காய் இல்லை. மதர்போர்டு.

பக்கத்தில் ரேம். அப்பால் ஹார்ட் டிஸ்க். பவர் சப்ளை பெட்டி மூடி திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல் நகம் அளவு பேட்டரி, ஃபேன், ஒயர்கள், இரண்டு பக்கத் தகடு என்று எல்லாம் பழைய சேலை மேல் வரிசையாகக் கிடந்தன. ஓரத்தில் ஐந்து சிரட்டைகள். வத்தலைத் தரம் பிரிக்கிற மாதிரி திருகுகளை அளவு வாரியாகப் பிரித்துப் போட்டிருந்தார். தலையில் துண்டோடு பொன்னுச்சாமி குனிந்து, மதர்போர்டை மெதுவாக மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா."

"வா தாயி. காதுகுத்து நல்லபடியா முடிஞ்சுச்சா?"

"மாமா, இது என்ன?"

"மழ பேஞ்சிருச்சுல்ல. ஓடு ஒழுகி உள்ள தண்ணி. பிரிச்சுக் காயப் போட்டேன். ரெண்டு நாளா மணிக்கொருக்காப் பெரட்டி விடுறேன். ஒரு பக்கமே கெடந்தா வெளுத்துப் போயிரும்ல."

"எல்லாத்தையுமா பிரிச்சீங்க?"

"பிரிச்சா முழுசாப் பிரிக்கணும். அரையும் கொறையுமா விட்டா உள்ள ஈரம் நிக்கும்."

வெள்ளையம்மாள் வீட்டிலிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அந்தப் புள்ளையக் கேளுங்கன்னு. கேட்டாத்தான! மதுரையில எவனுக்கோ பழத்தக் குடுத்துட்டு வந்த மனுசன்தான!"

"ஏய், சும்மா கெட."

உமாமகேஸ்வரி சேலையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபத்தில் கத்தியிருக்கலாம். அழுதிருக்கலாம். அழுகை வந்ததும் நிஜம்தான். ஆனால் நாளைக்கு மதியம் இரண்டு மணி என்பதும் நிஜம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பிராசஸர் எங்க மாமா? சதுரமா, பப்படத் துண்டு மாதிரி இருக்கும்" என்றாள்.

பொன்னுச்சாமி சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துப் பிரித்தார். உள்ளே பிராசஸர் பத்திரமாக இருந்தது. "இது முக்கியமான சாமான்னு பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அதான் தனியா வச்சேன்."

அவளுக்கு அந்த அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

பொழுது இருக்கும்போதே எல்லாவற்றையும் முன் அறைக்குக் கொண்டுபோனாள். பிராசஸர் உட்காருகிற குழியில் நூற்றுக்கணக்கில் பொடிப்பொடிக் கம்பிகள் நிற்கும். ஒன்று வளைந்தாலும் கதை முடிந்தது. டார்ச் அடித்து, மாமனாரின் கண்ணாடியை வாங்கிப் பூதக்கண்ணாடியாக வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாகப் பார்த்தாள். ஒன்றுகூட வளையவில்லை. மோட்டார் பிரித்த கையின் பக்குவம் அது, அதை அவள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பவர் சப்ளை மட்டும் காலை வெயிலையும் வாங்கட்டும் என்று விட்டுவிட்டு, மற்றதைப் பூட்டி முடித்தாள். சிரட்டையில் ஒரு திருகுகூட மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கரண்ட் கொடுத்தாள். பொன்னுச்சாமி வாசல்படியில் நின்றார்.

ஃபேன் சுற்றியது. 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம்.

"என்ன தாயி கத்துது?"

"ஒரு தடவ கத்துனா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம் மாமா. ரெண்டு மூணு தடவ கத்துனாத்தான் கோளாறு."

திரையில் எழுத்து வந்தது. பேட்டரியைக் கழற்றியதால் தேதி எல்லாம் பல வருஷம் பின்னால் போயிருந்தது. பொன்னுச்சாமி முகத்தில் இரண்டு நாளாக இல்லாத சிரிப்பு. "நான் சொல்லல? காஞ்சாப் போதும்னு..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே பெட்டி பட்டென்று நின்றது.

மறுபடி போட்டாள். ஒரு பீப். ஒன்றரை நிமிஷம். நின்றது. இன்னொரு தடவை. ஒரு நிமிஷம்தான்.

"கரண்டு பத்தலையோ?" என்றாள் வெள்ளையம்மாள் அடுப்படியிலிருந்து.

உமாமகேஸ்வரி நோட்டை எடுத்தாள். தானாக நின்றால் என்ன என்ன காரணம் என்று முழங்கையால் கேட்டு, பிறகு கை கழுவி எழுதி வைத்த பக்கம். கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி போட்டு, சூடு எவ்வளவு என்று காட்டுகிற திரைக்குப் போனாள். அறுபது. எழுபத்தைந்து. தொண்ணூறு. நின்றது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கிற அலுமினியக் கட்டியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. அடியில் இருப்பது கொதிக்கிறது, மேலே இருப்பதற்குச் சூடு ஏறவே இல்லை. அந்தக் கட்டியை மறுபடி பார்த்தாள். கார்த்திகையில் கருத்து மங்கிக் கிடந்தது, இப்போது பளபள என்று முகம் தெரிந்தது. நேற்று அவசரத்தில் இதைக் கவனிக்காமல் பூட்டியதற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"மாமா, இதுக்கு அடியில சாம்பக் கலர்ல ஒரு பசை இருந்துச்சே?"

"அந்தப் பிசுக்கா? பிராசஸர்லயும் அப்பிக் கெடந்துச்சு. எத்தன வருச அழுக்கோ. நான்தான் தொடச்செடுத்தேன். அந்தக் கட்டிய ஒங்க அத்தகிட்ட குடுத்தேன்."

"புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன்" என்றாள் வெள்ளையம்மாள் பெருமையாக. "குத்துவெளக்கு மாதிரி ஆயிருச்சு பாத்தியா."

உமாமகேஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது அழுக்கு இல்ல மாமா. அதுதான் மருந்து. அது இல்லாட்டி அடிச் சூடு மேல ஏறாது. சூடு தாங்காம அதுவே நின்னுக்கிருது."

பொன்னுச்சாமிக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கேட்கவும் மாட்டார். அவளே சொன்னாள்.

"நம்ம மங்கை கோயில்ல மரகத நடராசருக்கு வருசம் பூராவும் சந்தனம் சாத்தித்தான வச்சிருக்காக? அழகுக்கா சாத்துறாக? மேனிக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான? இதும் அப்படித்தான். இதுக்கு அந்தப் பசைதான் காப்பு."

பொன்னுச்சாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாள் மட்டும் சந்தனம் களைகிற அந்தச் சாமியை, அறுபது வருஷமாகக் கூட்டத்தில் நின்று பார்த்து வருகிறவர் அவர்.

"நான் சந்தனத்தையா தாயி வழிச்சு எறிஞ்சேன்?"

"புதுப் பசை ராம்நாட்டுல கிடைக்கும் மாமா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால தவ்ஃபீக் பாய் கம்ப்யூட்டர் கடை. ஆனா மணி பத்தரையாச்சு. இன்னைக்கு வெள்ளிக்கெழம, ஜும்மாவுக்குக் கடைய அடைச்சிருவாக. ரெண்டு மணிக்குத்தான் தொறப்பாக."

அவள் காகிதத்தில் பசையின் பெயரை எழுதி முடிப்பதற்குள் டிவிஎஸ் வண்டி கிளம்பிவிட்டது. காகிதத்தை வாங்காமலே போகிறாரே என்று பதறி வெளியே ஓடினாள். வண்டி திரும்பி வந்தது. அவர் கையை நீட்டினார். காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில், வெற்றிலை இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் திரும்பியபோது மணி ஒன்று முப்பத்தைந்து. முகமெல்லாம் புழுதி. கையில் விரலளவு குழாய்.

"தெருத் தெருவாச் சுத்துனேன், கடை சிக்கல" என்றார் மூச்சு வாங்க. "பெறகு ஒரு பூக்காரம்மாகிட்ட கேட்டேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. "என்ன செஞ்சீங்க?" என்றாள் வெள்ளையம்மாள்.

"கேட்டேன்டி! அந்தம்மா கைய நீட்டிக் காட்டுச்சு. போனா, தொப்பி போட்டுக்கிட்டு அந்த பாய் ஷட்டர எறக்குறாரு. பாதி எறங்குன ஷட்டருக்குள்ள நான் தலைய விட்டேன். 'என்னங்கய்யா அவசரம், தொழுதுட்டு வந்து தாரேன்'ங்கிறாரு. 'பாய், எம் மருமகளுக்கு ரெண்டு மணிக்குப் பரீட்சை, நான் தெரியாம சந்தனத்த வழிச்சுப்பிட்டேன்'னேன். அவருக்கு ஒண்ணும் வெளங்கல. காகிதத்தப் பாத்தாரு, சிரிச்சாரு, குடுத்தாரு. மருமகளுக்கு துஆ செய்யிறேன்னு சொல்லச் சொன்னாரு."

பூசிப் பார்க்க நேரம் இல்லை. பிரிப்பதும் பூட்டுவதும் எப்படியும் தேர்வில் உண்டு. பசை பூசியபின் ஓடுகிறதா என்பது கேமரா முன்னால்தான் முதல் தடவையாகத் தெரியும். உமாமகேஸ்வரி முகம் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் அரை நிமிஷம் நின்றாள். மருந்தடிக்கிற தெளிப்பானின் நீளக் குழாயை அரிசிப் பானையில் ஊன்றி, அதன் நுனியில் ரிப்பனால் போனைக் கட்டினாள். களத்தைப் பார்த்த ஜன்னலோரம்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மேசை அங்கே போடப்பட்டது.

"ரூம்ல யாரும் இருக்கக் கூடாது மாமா. நீங்களும் அத்தையும் வெளிய இருங்க. சத்தம் வராமப் பாத்துக்கங்க."

தன் வீட்டிலிருந்து தன்னை வெளியே போகச் சொன்ன முதல் ஆள் இந்த மருமகள்தான். பொன்னுச்சாமி களத்தில் இறங்கினார். வெறும் காலால் வத்தலைத் தள்ளித் தள்ளிப் புரட்டத் தொடங்கினார். காது மட்டும் ஜன்னலில் இருந்தது.

"ஏலே பொன்னு!" என்று தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார் முனியசாமி, பக்கத்துக் களத்துக்காரர். "மோட்டார் மறுபடி நின்னுபோச்சுடா. செத்த வந்து பாரு."

பொன்னுச்சாமி ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தாத குறைதான். "மெதுவாப் பேசு. உள்ள பரீட்சை நடக்குது."

"யாருக்கு?"

"எம் மருமகளுக்கு."

"வீட்டுக்குள்ளயா? என்ன பரீட்சை?"

"கம்ப்யூட்டர பிரிச்சுப் பூட்டணும். மெட்ராஸ்ல இருந்து பாத்துக்கிட்டிருக்காக. வாய மூடிக்கிட்டு உக்காரு, இல்லாட்டி வத்தலப் பெரட்டு."

முனியசாமி மோட்டாரை மறந்து வத்தலைப் புரட்டினார்.

உள்ளே போனிலிருந்து ஒரு அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது. ஒவ்வொரு பாகமாக எடுத்துக் காட்டச் சொன்னது, பெயர் கேட்டது, வேலை கேட்டது. உமாமகேஸ்வரி தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஃபேனைக் கழற்றியபோது அந்தக் குரல் நின்றது.

"அது என்ன, மஞ்சளாக ஒட்டியிருக்கிறது?"

"மிளகாய் விதை மேடம்."

"மிளகாய் விதையா? கம்ப்யூட்டருக்குள் எப்படி வந்தது?"

களத்தில் பொன்னுச்சாமியின் கால் நின்றுவிட்டது. பூமி பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் என்று இருந்தது அவருக்கு.

"செவ்வாய்க்கிழமை மழையில உள்ள தண்ணி போயிருச்சு மேடம். வத்தல் களத்துல வச்சுக் காய வச்சாங்க."

"யார்?"

"எங்க மாமா, என் கணவரோட அப்பா. நான் ஊர்ல இல்ல."

"சரி. தண்ணீர் புகுந்த இயந்திரத்துக்கு முதலில் செய்ய வேண்டியது என்ன? சொல்லுங்கள்."

"கரண்ட் கொடுத்துப் பாக்கக் கூடாது. பேட்டரியக் கழட்டணும். முழுசாப் பிரிக்கணும். எல்லாப் பக்கமும் ஈரம் போற வரைக்கும் காய வைக்கணும்." உமாமகேஸ்வரி ஒரு மூச்சு விட்டாள். "மேடம், இந்த நாலையும் எங்க மாமாதான் செஞ்சாங்க. அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல. ஒரு பின்கூட வளையல, ஒரு ஸ்குரூகூடத் தொலையல. அன்னைக்கு அவங்க பிரிக்காம விட்டிருந்தா இந்த போர்டு துருப்பிடிச்சுப் போயிருக்கும். நான் இன்னைக்கு உங்க முன்னால உக்காந்திருக்க முடியாது. தப்புன்னு நடந்தது ஒண்ணே ஒண்ணுதான். தெர்மல் பேஸ்ட்ட அழுக்குன்னு தொடச்சிட்டாங்க."

"அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

அவள் சொன்னாள். ஒரு பீப், ஒன்றரை நிமிஷம், தொண்ணூறு டிகிரி, மேலே சில்லென்ற அலுமினியம். எல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

களத்தில் முனியசாமி பொன்னுச்சாமியைப் பார்த்தார். "டேய், ஒன்னயத்தான்டா சொல்லுது." பொன்னுச்சாமி ஜன்னல் பக்கம் இன்னும் ஒரு அடி நகர்ந்தார். அறுபத்தாறு வருஷத்தில் அவர் செய்த காரியத்தை இத்தனை நியாயமாக, நல்லதையும் கெட்டதையும் அளந்து, யாரும் சொன்னதில்லை.

"பேஸ்ட் பூசுங்கள். எவ்வளவு பூச வேண்டும்?"

"ஒரு பயறு அளவு மேடம். மேல வச்சு அமுக்குனா அதுவே பரவிரும்."

பிறகு திருகு முறுக்குகிற சத்தம் மட்டும் நெடுநேரம் வந்தது. வெள்ளையம்மாள் களத்து ஓரத்தில் முந்தானையைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தாள். காம்பு கிள்ளவில்லை. அவள் கை சும்மா இருந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பீப்.

ஒன்றுதான். மூன்று பேரும் இன்னொன்று வருமோ என்று காத்திருந்தார்கள். வரவில்லை.

"பதினைந்து நிமிடம் ஓடட்டும்" என்றது குரல்.

பொன்னுச்சாமியிடம் கடிகாரம் கிடையாது. வடக்கு ஓரத்திலிருந்து தெற்கு ஓரம் வரைக்கும் ஒரு வரிசை புரட்ட அவருக்கு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். முதல் வரிசை முடிந்தது. காலையில் பெட்டி நின்றுபோன நேரம் இரண்டாவது வரிசையின் நடுவில்தான் வரும். அந்த இடத்தைத் தாண்டும்போது காலை ஊன்றாமல், மெல்ல எடுத்து வைத்தார். ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்தாவது வரிசை, எட்டாவது வரிசை. பன்னிரண்டாவது வரிசையில் களம் முடிந்துவிட்டது. இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரியாமல், புரட்டிய வத்தலையே முதலிலிருந்து மறுபடி புரட்டினார்.

"பதினைந்து நிமிடம் முடிந்தது. சூடு எவ்வளவு?"

"நாப்பத்தெட்டு மேடம். ஏறல."

"நிறுத்திவிடலாம்."

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் மேடம்" என்றாள் உமாமகேஸ்வரி.

போனில் அந்த அம்மா சிரித்தார். "ஓடட்டும். உமாமகேஸ்வரி, நான் நிறையத் தேர்வு பார்த்திருக்கிறேன். எல்லோரும் நல்ல இயந்திரத்தைத்தான் பிரித்துக் காட்டுவார்கள். கெட்டதைச் சரி பண்ணிக் காட்டியது நீங்கள்தான். தேறிவிட்டீர்கள். உங்கள் மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."

வெள்ளையம்மாள் எழுந்து புருஷன் பக்கத்தில் வந்தாள். அவர் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "என்னங்க, வத்தல் கண்ணுல பட்டுருச்சா?"

"இல்ல புள்ள. அழுகுறேன்."

"சரி, அழுகுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாயசத்துக்குப் பால் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். இந்தத் தடவை எல்லோருக்கும் காரணம் தெரியும்.

வைகாசி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ஹெட்மாஸ்டர் தர்மராஜ் சர்டிபிகேட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, பூட்டைத் திறந்துவிட்டார். லீவில் கிடந்த பள்ளிக்கூடத்தின் வராந்தாவில் பத்துப் பெட்டிகளும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. உமாமகேஸ்வரி தரையில் பாயை விரித்தாள். கூட வந்த பொன்னுச்சாமி, மஞ்சப்பையிலிருந்து பெயின்ட் பிரஷ்ஷையும் வேட்டித் துணியையும் ஐந்து சிரட்டைகளையும் எடுத்து வைத்தார்.

ஹெட்மாஸ்டர் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அய்யா, நீங்க எதுக்குத் தரையில? இதுல உக்காருங்க."

"இருக்கட்டும் சார். நான் வேலைக்கு வந்திருக்கேன்."

"யாருகிட்ட?"

"எம் மருமககிட்ட."

முதல் பெட்டி திறந்தது. உள்ளே எலி வைத்த வைக்கோல், கடல் பக்கத்துக் காற்றில் வந்த உப்புப் பொருக்கு, மூன்று வருஷத் தூசி. உமாமகேஸ்வரி ஒவ்வொன்றாகக் கழற்றித் தர, அவர் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து வரிசையில் வைத்தார். திருகுகள் சிரட்டையில் விழுந்தன. அடுத்து அவர் கைக்கு ஒரு பிராசஸர் வந்தது. முகம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. துணியை எடுத்துவிட்டார். பிறகு துணியைக் கீழே வைத்தார். உள்ளங்கையில் அதை ஏந்திக்கொண்டு, மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, இது அழுக்கா, சந்தனமா?"

உமாமகேஸ்வரி குனிந்து பார்த்தாள். "சந்தனந்தான் மாமா. காஞ்சுபோச்சு. தொடச்சிருங்க, புதுசு சாத்துவோம்."

"தொடச்சிரவா?" என்று இன்னொரு தடவையும் கேட்டுக்கொண்டார் பொன்னுச்சாமி.